மலை எங்கே என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, தூத்துக்குடியிலிருந்து பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். "மலை ஊர், சில்லென்று இருக்கும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. மலையையும் காணோம், குளிரையும் காணோம். ரெண்டு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகுது. 24 வருஷமா எப்படிக்கா இருக்கீங்க? உங்களுக்கு இந்த ஊர் நிஜமாவே பிடிச்சுப்போச்சா?" என்பது உங்கள் கேள்வி.

பிடித்துப்போய்விட்டது. ஆனால் என்னுடைய நான்காவது மாதத்தில் கேட்டிருந்தால் நானும் உங்களை மாதிரிதான் புலம்பியிருப்பேன். கூடவே கொஞ்சம் அழுதும் இருப்பேன்.

முதலில் மலை விஷயம். மலையைத் தேடாதீர்கள், அதன் மேல்தான் குடியிருக்கிறீர்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டர், அதாவது மூவாயிரம் அடி. உச்சி என்று ஒன்று இல்லாமல் மேலே போய்த் தட்டையாகிவிட்ட மேட்டுநிலம் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், 2001-இல் கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்தேன். எங்கள் ஊரில் வரப்புதான் உயரம். சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயில் பஸ் முனக ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி தாண்டி மறுபடியும் முனகல். ஓசூரில் விடியற்காலை நாலு மணிக்கு டீ குடிக்க இறங்கியபோது பல் கிட்டித்தது. பட்டுப்புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இது என்ன ஊர்டா சாமி என்று நின்றேன். நீங்கள் விமானத்திலோ ஏ.சி. கோச்சிலோ வந்திருப்பீர்கள். ஏறியதே தெரிந்திருக்காது.

அந்த உயரம் எனக்கு உறைத்தது சமையலறையில்தான். முதல் டிசம்பர். ஊரில் செய்கிற மாதிரியே ராத்திரி எட்டு மணிக்கு இட்லிக்கு அரைத்துக் கரைத்து வைத்தேன். மன்னார்குடியில் விடிவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். இங்கே காலையில் திறந்தால், வைத்த கோட்டிலேயே அசையாமல் இருக்கிறது. வாயில் வைத்துப் பார்த்தால் புளிப்பே இல்லை. அன்றைக்கென்று மாமியார் வேறு வந்திருந்தார். இட்லி என்ற பெயரில் நான் அவித்ததை அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள், நாங்கள் அப்போது குடியிருந்த அல்சூரில் எங்கள் வீட்டுக்கார அம்மாள் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இந்த ஊர் மாவுக்கு ஸ்வெட்டர் போடணும்மா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கைச்சூடு ஏறக் கையாலேயே கலக்கி, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, அடுப்பு அணைத்த மேடையில் வைக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு அரைத்தால் போதாது, மதியமே அரைத்தாக வேண்டும். இன்றுவரை டிசம்பர், ஜனவரியில் எங்கள் வீட்டு மாவு கம்பளிக்குள்தான் தூங்குகிறது.

அப்புறம் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். துவரம்பருப்புக்கு ஒரு விசில் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இதையெல்லாம் பழகப் பழக, ஊர் என்பது வெளியே இருக்கிற ஒன்றாக இல்லாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்களுக்கு ஆபீஸ் கேன்டீன் சாப்பாடு. அதனாலேயே இந்த வழி இன்னும் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு குக்கராவது வாங்குங்கள்.

பாஷைக்கு வருகிறேன். அல்சூரில் இருந்த மூன்று வருடமும் நான் கன்னடம் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை. காய்கறிக்காரர், தையல்காரர், கோயில் குருக்கள் எல்லாரோடும் தமிழிலேயே காலம் ஓடியது. டோம்லூர், மடிவாளா கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது, நாம் நேற்று வந்தவர்கள் இல்லை என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். 2004-இல் மல்லேசுவரத்துக்கு வீடு மாறினோம். அங்கே தெருவுக்குத் தெரு கன்னடம். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர், பரிமாற வந்த பையனிடம் கையைக் குறுக்கே நீட்டி "சாகு, சாகு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல நாளில் ஒரு பையனைப் பார்த்து இப்படியா சொல்வார்கள்? "போதும், போதும்" என்று அர்த்தமாம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் கற்க ஆரம்பித்தேன்.

கற்பது நமக்கு அவ்வளவு கஷ்டமும் இல்லை. நம்முடைய பகரம் அங்கே ஹகரமாக நிற்கும்: பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, பெண் ஹெண்ணு. நம்முடைய வகரம் பகரமாகும்: வா என்பது பா, வெண்ணெய் என்பது பெண்ணெ. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பஸ் போர்டும் பாதிக் கறிகாய்க் கடையும் திறந்துவிடும். 24 வருடமாகியும் என் கன்னடம் இலக்கணச் சுத்தம் இல்லை. ஆனால் நான் "ஸ்வல்ப நோடி" (கொஞ்சம் பாருங்கள்) என்று தடுமாறி ஆரம்பித்ததுமே எதிரே இருப்பவர் முகம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். பலர் அப்புறம் தாங்களாகவே தமிழுக்கு வந்துவிடுவார்கள். நாமாகவே தமிழில் ஆரம்பிப்பதும், அவர்களாகத் தமிழுக்கு வருவதும் வேறு வேறு. நீங்கள் எழுதியிருந்த ஆட்டோக்காரர் சண்டையில் பாதி இதனால் வந்தது என்பது என் சந்தேகம். மீதிப் பாதி அவர் மீட்டர்தான், சந்தேகமே இல்லை.

மரங்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், நிறுத்தத் தெரியாது எனக்கு. மல்லேசுவரத்தில் தெருப் பெயரே மரம்: சம்பிகே ரோடு என்றால் செண்பகம், மார்கோசா ரோடு என்றால் வேம்பு. வந்த புதிதில் எனக்கு மாதங்கள் குழம்பின. எங்கள் ஊரில் நாற்று, களை, கதிர் என்று வயலைப் பார்த்தே மாதம் சொல்லிவிடலாம். இங்கே வயலுக்கு எங்கே போவது? இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான், மரத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று பிடிபட்டது. பொங்கலுக்குப் பிறகு ரோஸ் நிறத்தில் இலையே இல்லாமல் பூத்து நிற்பது தபெபுயா. மார்ச்சில் அதன் தம்பி மஞ்சளில் வரும். அதே சமயம் ஊதா நிற ஜகரண்டா. உகாதிப் பக்கம் புங்கை இளம்பச்சையாகத் துளிர்க்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெருங்கொன்றையும் குல்மோகரும். நவம்பரில் மரமல்லி, ராத்திரியெல்லாம் உதிர்ந்து காலையில் நடைபாதை வெள்ளையாகக் கிடக்கும். வாசனை நம்ம ஊர்ப் பவழமல்லிக்குச் சொந்தக்காரி மாதிரி.

இது தானாக அமைந்ததல்ல. 1908-இல் லால்பாக் தாவரவியல் பூங்காவுக்கு வந்த கிரும்பீகல் என்ற ஜெர்மன் தோட்டக்கலைஞர், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி வரிசை யோசித்துத் தெருக்களில் மரம் நட வைத்தார். 1980-களில் நெகின்ஹாள் என்ற வனத்துறை அதிகாரி லட்சக்கணக்கில் கன்றுகள் வைத்தார். இப்போது மேம்பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் நிறைய வெட்டிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு உண்டு. நீங்கள் இறங்குகிற ஸ்டேஷனுக்காகவும் ஏதோ ஒரு தூங்குமூஞ்சி மரம் போயிருக்கும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை இந்த ஊரோடு முடிச்சுப் போட்டது. நான் டெல்டாக்காரி. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று அப்பா ரேடியோவில் காதை வைத்திருந்த வீடு எங்களுடையது. பாமணி ஆற்றில் தண்ணீர் வரும் நாளில் நாங்கள் பள்ளிக்கூடம் போகமாட்டோம். அப்படிப்பட்டவள் பெங்களூரில் குழாயைத் திறந்தால் வருவதும் காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மூன்று இடங்களில் பம்ப் வைத்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஆற்றங்கரையில் கட்டாத ஊர் என்பதால் இந்தப் பாடு. முதல் சில வருடம் எனக்கு இது உறுத்தியது. அங்கே அப்பா காத்துக்கொண்டிருக்கிற தண்ணீரில் இங்கே நான் பாத்திரம் தேய்க்கிறேனே என்று.

பிறகு ஒருநாள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வரைபடம் வரையச் சொன்னார்கள். அவளோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்த ஊரின் நடுவே கூரை முகடு மாதிரி ஒரு மேடு ஓடுகிறது. மேற்கே விழுகிற மழை விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதிக்குப் போய், அங்கிருந்து காவிரியில் கலக்கிறது. கிழக்கே விழுவது அல்சூர் ஏரி, பெல்லந்தூர், வர்த்தூர் என்று ஏரி ஏரியாக வழிந்து, தென்பெண்ணையில் சேர்ந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூருக்குப் போகிறது. எந்தச் சரிவில் விழுந்தாலும் கடைசியில் தமிழ்நாட்டுக் கடல்தான். நான் முதலில் குடியிருந்த அல்சூர் கடலூருக்குச் சொந்தம், இப்போது இருக்கிற மல்லேசுவரம் எங்கள் டெல்டாவுக்குச் சொந்தம்! அன்றைக்கு மழை வந்தபோது மாடியில் நின்று, தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துப் பைத்தியம் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த விருஷபாவதி இன்று சாக்கடையாக ஓடுகிறது, நாம் ஊருக்கு அனுப்பிவைக்கிற லட்சணம் அப்படி. உங்கள் ஒயிட்ஃபீல்டு தென்பெண்ணைப் பக்கம். தூத்துக்குடிக்கு மட்டும் இங்கிருந்து ஒன்றும் வராது, மன்னிக்கவும். உங்களுக்குத் தாமிரபரணி இருக்கிறது.

காவிரி என்றதும் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியும் தெரிகிறது. பயமாக இல்லையா என்பதுதானே? 1991 காவிரிக் கலவரத்தில் நடந்ததை அல்சூரில் பழைய ஆட்கள் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். 2016 செப்டம்பரில் நானே பார்த்தேன். பஸ்கள் எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள். தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட என் கொழுந்தனார் கார் எங்கள் வாசலில் நின்றது. எதிர்வீட்டுக் கன்னடக்காரர், பெரிதாகப் பேசிப் பழகாதவர், தன் கேட்டைத் திறந்துவிட்டு, "உள்ளே கொண்டுவந்து விடுங்கள்" என்றார். தன் காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தினார். எங்கள் காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். மூன்று நாள் அங்கேதான் நின்றது. அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற வள்ளுவர் சிலை 18 வருடம் சாக்கு மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்டதும், நாலு நாள் கழித்து சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்ததும் பேப்பரில் வந்த சேதி. எனக்கு அந்தத் தார்ப்பாய்தான் ஞாபகம் நிற்கிறது.

குறைகளை மறைக்கப் போவதில்லை. டிராஃபிக் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை, என்னிடம் மருந்து இல்லை. வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை இழந்திருக்கிறேன். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, உங்கள் பக்கத்து அடுக்குமாடிகள் டேங்கர் லாரிக்குத் தவம் கிடந்தன. ஏப்ரல் வெயில் முன்பு மாதிரி இல்லை. ஆனால் பல வருடங்களில் ஏப்ரலிலும் சில நாள் காய்ந்தபின் ஒரு சாயங்காலம் மழை அடித்துவிட்டுப் போகும், ஜன்னலைத் திறந்து வைத்தால் தூங்கலாம். சாம்பாரில் வெல்லம் போடுவதை மட்டும் 24 வருடமாகியும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக ஜனவரியில் தோலுரித்த அவரைப்பருப்பில் ஒரு சாரு, அதாவது குழம்பு, வைப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் பிதுக்கம்பருப்பு என்பார்கள். அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீக்கிரமாகக் கிளம்புங்கள். ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைக் கோட்டுக்கு மாறுங்கள். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்ற ஏரி இருந்தது, இப்போது பஸ் நிலையம். லால்பாக்கில் இறங்கி உள்ளே போனால் பெரிய கரும்பாறை ஒன்று, மேலே கெம்பேகவுடா கோபுரத்தோடு நிற்கும். பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருடம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், காலில் சில்லென்று இருக்கும். நீங்கள் கேட்ட மலை அதுதான், ஊருக்கு அடியில் இருப்பது அங்கே தலையை நீட்டுகிறது. திரும்பும்போது அதே கோட்டில் சம்பிகே ரோடு ஸ்டேஷன் வரை வந்துவிடுங்கள். அங்கிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. ஸ்வெட்டர் வேண்டாம், குடை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி அவித்து வைக்கிறேன். டிசம்பர் என்றால் தோசை.