மூன்றாம் மாடியும் மின்சார சைக்கிளும்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாக மின்சார சைக்கிளில் வேலைக்குப் போய்வருவதாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு வயது 46. அலுவலகம் 11 கிலோமீட்டரில் இருக்கிறது. தினமும் காரில் தனியாகப் போகிறேன். சில நாள் 25 நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம் ஆகிறது. காரை விற்றுவிட்டு மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பேட்டரி எத்தனை நாள் உழைக்கும்? மழையில் மோட்டார் கெட்டுவிடாதா? இது நாலு வருடத்தில் காணாமல் போகிற மோகமா? “மோட்டாரே தள்ளிவிட்டால் உடற்பயிற்சியும் இல்லை, காரில் உள்ள பாதுகாப்பும் இல்லை” என்கிறார் மனைவி. மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன், லிஃப்ட் கிடையாது. ஆகவே படியேறுவது ஒன்றுதான் இப்போதைக்கு எனக்கு உடற்பயிற்சி.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மின்சார சைக்கிளை ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் மூலையில் சாத்திவிட்ட சிலரை எனக்குத் தெரியும். மோட்டார் சரியில்லை என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. தூக்க முடியவில்லை, நிறுத்த இடமில்லை, பஞ்சர் ஒட்ட ஆளில்லை. இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டவை.

மோகம் என்ற சந்தேகம் வேண்டாம். ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அன்று இல்லாதிருந்தது நல்ல பேட்டரி. 1991-இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1993-இல் யமாஹா, மிதிப்பவரின் கால் விசையை அளந்து அதற்கேற்ப மோட்டாரை இயக்கும் சைக்கிளை ஜப்பானில் விற்கத் தொடங்கியது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் ஓட்டும் வண்டி.

உங்கள் மனைவியின் முதல் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. நான் சொல்லும் வகை வண்டியில், மிதித்தால்தான் மோட்டார் உதவும். காலை எடுத்தால் உதவி நின்றுவிடும். 11 கிலோமீட்டர் மிதித்து இறங்கும்போது மூச்சு சற்று வாங்கும், ஆனால் சட்டை நனைந்திருக்காது. வேலைக்குப் போகிறவருக்கு அந்த அளவு போதும். வீடு திரும்பும்போது உதவியைக் குறைத்துக்கொண்டு எவ்வளவு வியர்க்க வேண்டுமோ அவ்வளவு வியர்க்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். விலை குறைந்த பல வண்டிகளில் உள்ள உணரிக்கு (சென்சாருக்கு) மிதிகட்டை சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். மெதுவாக மிதித்தாலும் அரை நொடி கழித்து வண்டி பாயும். நெரிசலில், முன்னால் ஒருவர் நடந்துபோகும்போது, அந்தப் பாய்ச்சல் ஆபத்தானது. இன்னொரு வகை, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கும். அதில் ஏறி முதல் மிதி மிதிக்கும்போது, சின்ன வயதில் யாரோ பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளிவிட்டார்களே, அதே கை மறுபடி முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது போல இருக்கும். பணத்தை வேறெதில் மிச்சப்படுத்தினாலும் இதில் மிச்சப்படுத்தாதீர்கள்.

பேட்டரிக் கணக்கு எளிது. நிதானமாக ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 வாட் மணி அளவுக்குச் செலவாகும். மேடும் எதிர்க்காற்றும் இருந்தால் 15 வரை போகும். உங்களுக்குப் போக வர 22 கிலோமீட்டர். 500 வாட் மணி பேட்டரி, அதாவது அரை யூனிட் மின்சாரம், நிதானமாக ஓட்டினால் இரண்டு நாள் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். ஆற்றல் என்று மட்டும் பார்த்தால், உங்கள் கார் பதினைந்து கிலோமீட்டரில் தீர்த்துவிடுவதை வைத்து இந்த சைக்கிள் 900 கிலோமீட்டர் ஓடும். எழுபது கிலோ மனிதரை நகர்த்த ஆயிரத்து முந்நூறு கிலோ இரும்பையும் கூடவே நகர்த்துகிறோம் என்பதுதான் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி. எனக்கு இது இன்றும் நெஞ்சை உறுத்துகிற கணக்கு.

நல்ல பேட்டரி ஐந்நூறு முதல் ஆயிரம் முழுச் சார்ஜ் வரை தாங்கும். அதற்குப் பிறகும் ஓடும், தூரம் குறையும். நாள்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுக்க ஏற்றியோ முழுக்கத் தீர்த்தோ வைத்தால் வீணாகும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை அறையின் சூட்டுக்கு வந்தபிறகே சார்ஜ் போட வேண்டும். அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைச் செருகாதீர்கள். தூங்கும்போது சார்ஜ் ஏற வேண்டாம். வாசற்படி அருகிலும் மாடிப்படியின் கீழும் கூடவே கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியும் உப்பிய பேட்டரியும் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கழித்துக் கட்ட வேண்டியவை.

மழையைப் பற்றிப் பயப்படாதீர்கள். நல்ல வண்டிகள் மழைக்கும் சேர்த்துத்தான் செய்யப்படுகின்றன. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் தேங்கிய நீரில் சக்கர மையம் மூழ்க ஓட்டுவதும்தான் கெடுதல். மழையில் நனைவது நீங்கள்தான். ஆகவே மட்கார்டும் நல்ல மழைச்சட்டையும் முதல் நாளே வேண்டும்.

பாதுகாப்பு பற்றி உங்கள் மனைவி சொல்வது நியாயம். காரின் உடல் காப்பது போல சைக்கிளில் எதுவும் உங்களைக் காக்காது. லாரிகள் வேகமாகப் போகும், ஓரமே இல்லாத சாலைதான் ஒரே வழி என்றால், போகாதீர்கள் என்றுதான் எழுதுவேன். ஆனால் கார் போகும் சாலையிலேயே சைக்கிளும் போக வேண்டும் என்பதில்லை. மோட்டார் வேகத்துக்காக என்று நானும் முதலில் நினைத்தேன். ஓட்ட ஓட்டத்தான் தெரிந்தது, அது சுற்றுவழிக்கானது. அமைதியான தெருக்கள் வழியாக இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றிப் போவது கால்களுக்குச் சுமையே இல்லை. சிவப்பு விளக்கில் நின்று மறுபடி கிளம்புவதும் அப்படித்தான். வெறும் சைக்கிளில் அந்தச் சிரமத்துக்காகவே நிற்காமல் நழுவப் பார்க்கும் மனம், இதில் நிற்கச் சம்மதிக்கிறது. ஒரு விடுமுறை நாள் காலையில் இரவல் சைக்கிளிலாவது உங்கள் வழியைத் தேடி ஓட்டிப் பாருங்கள். மின்சார சைக்கிளில் நாற்பது நிமிடத்தை ஒட்டி வந்து சேர்வீர்கள். மழையானாலும் நெரிசலானாலும் ஐந்து நிமிடம் முன்பின்தான் இருக்கும். கிளம்பும்போதே எத்தனை மணிக்குச் சேருவோம் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது காரில் எனக்குத் தெரியாமலே இருந்தது.

இனி பஞ்சர். வாங்கிய மூன்றாம் மாதம், இரவில், மழையில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. அருகிலிருந்த கடைக்காரர் சக்கரத்திலிருந்து வரும் ஒயரைப் பார்த்ததும் கைவிரித்துவிட்டார். மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்ற ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும், பெரிய நட்டுகளைத் திருக வேண்டும், வாஷர்களை எடுத்த வரிசையிலேயே திரும்பப் போட வேண்டும். அன்று ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். சக்கரத்தை மெல்லச் சுற்றி, முள் குத்திய இடத்தைக் கண்டுபிடித்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபில் ஒரு சாண் அளவு வெளியே இழுத்து, உரசி ஒட்டி, உள்ளே தள்ளிவிடலாம். ஒட்டும் முன் டயரின் உட்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். முள்ளின் முறிந்த நுனி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதை விட்டுவிட்டால் மறுநாளும் இதே வேலை. எனக்கு இப்போது பதினைந்து நிமிடம் ஆகிறது.

காரை விற்பதைத் தள்ளிப்போடுங்கள். சாவியை ஓர் இழுப்பறையில் வைத்துவிட்டு, எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக என்று ஒரு தாளில் குறியுங்கள். நான் எட்டு மாதம் குறித்தேன். பதினோரு முறை. அதில் ஏழுக்கு வாடகைக் கார் போதுமாயிருந்தது. காப்பீடு புதுப்பிக்கும் தேதி வந்தபோது விற்றேன். நடக்க இயலாத பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால் விற்றிருக்க மாட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இப்போது மூன்றாம் மாடிக்கு வருவோம். இத்தகைய வண்டியின் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. பேட்டரியைக் கழற்றினால் மூன்று கிலோ குறையும். மீதியை ஒரு நாள் தூக்கலாம். வேலை முடிந்து, மழையில் நனைந்து, ஒரு கையில் பையோடு வருகிற நாளில், படி திருப்பத்தில் ஹேண்டில்பார் சுவரில் இடிக்கும்போது, அடுத்த நாள் காரையே எடுக்கலாம் என்று தோன்றிவிடும். தரைத்தளத்தில் மழை படாத ஓர் இடமும், சுவரிலோ தரையிலோ பதித்த ஓர் இரும்பு வளையமும் கிடைத்துவிட்டால் பேட்டரியை மட்டும் மேலே எடுத்துப்போகலாம். அந்த இடத்துக்காக வீட்டுக்காரரிடமும் கீழ்வீட்டாரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். வண்டி வந்தபிறகு கேட்பது கடினம்.

இடம் கிடைக்காது என்று தெரிந்தால், ஒரு பையில் இருபது கிலோ எதையாவது நிரப்பி, ஒரு வாரம் தினமும் மாலையில் மேலேயும் காலையில் கீழேயும் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த வாரம் எப்படிப் போனது என்று எழுதுங்கள். எந்த வண்டி வாங்குவது என்று அதன்பின் பேசுவோம்.