நாத்தனாருக்கு ஓர் இரவு

வணக்கம் ஐயா,

என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து ஐந்து வருடம் ஆகிறது. வலது பக்கம் வராது, பேச்சும் குழறல். இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இதற்காகவே ஜவுளிக்கடைக் கணக்கு வேலையை விட்டேன். நாத்தனார்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து, "மதினி, நீங்கள் தெய்வம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் இடுப்பில் புண்ணைப் பார்த்தபோது, 'சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று மனதில் ஓடியது. அன்றிலிருந்து விளக்கேற்றக் கை வரவில்லை. நான் கெட்டவளா?

பெயர் வேண்டாம், விருதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. அந்த நினைப்பு வராதவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்கள். விளக்கை ஏற்றுங்கள்.

முதலில் புண். அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்குச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வர அதில் வழி உண்டு. உங்கள் மனம் தாங்காதபோது 14416க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை.

எனக்குக் கோபம் அந்தத் 'தெய்வ'த்தின் மேல்தான். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், முதுகு வலிக்காது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். பிரிட்டனில் 1976இல், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசு உதவித்தொகை வந்தபோது, கணவனோடு வாழும் பெண்களுக்கு அது கிடையாது என்றார்கள். எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது வாதம்! மறதி நோய் கண்ட தாய்க்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்குப் போட்டார். அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அந்த விதி ஒழிந்தது. உங்கள் வீட்டில் அந்த வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நாத்தனார்களிடம் பணம் கேட்காதீர்கள், இரவைக் கேளுங்கள். மாதத்தில் ஆளுக்கு ஒரு சனிக்கிழமை இரவு. பெற்ற தாயை அவர்களும் புரட்டிப் படுக்கவைக்கட்டும். நீங்கள் கேட்டால் 'மதினி மாறிவிட்டார்' என்பார்கள். உங்கள் கணவர் கேட்கட்டும். (கடிதத்தில் அவரைத் தேடினேன், ஒரு வரியில்கூடக் காணோம். மற்ற இரவுகளில் அவருக்கும் பங்கு உண்டு.) மருந்து வேளைகளையும் எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு என்பதையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த இரவு நீங்கள் அந்த வீட்டில் இருக்காதீர்கள். இருந்தால், முதல் முனகலுக்கே எழுந்துவிடுவீர்கள்.