மலையில்லா ஊரில் ஒரு தாவுமேடை

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த பழைய விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றின் முகப்பில், ஸ்கீ ஜம்பிங் (காலில் நீண்ட சறுக்குப் பலகை கட்டி, பனிமேடையில் சறுக்கிவந்து காற்றில் தாவும் விளையாட்டு) வீரர் ஒருவர் தாவுமேடையிலிருந்து கன்னாபின்னாவென்று உருண்டு விழுவார். அந்தக் காட்சியைப் பார்த்ததிலிருந்து ஒரு சந்தேகம். ராக்கி மலைத்தொடர் இருக்கும்போது, இந்த விளையாட்டு மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற தட்டையான மாநிலங்களில் வளர்ந்தது ஏன்? மலையே இல்லாத இடத்தில் எங்கிருந்து தாவினார்கள்? பிறகு ஏன் மங்கியது?

கா.

அன்புள்ள கா.,

நீங்கள் பார்த்த விபத்து அமெரிக்காவில் நடந்ததே அல்ல. 1970-ல் மேற்கு ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் விழுந்தவர், யுகோஸ்லாவிய வீரர் விங்கோ பொகதாய். பனி பொழிந்துகொண்டிருந்ததில் ஓடுதடத்தின், அதாவது தாவுவதற்குமுன் சறுக்கிவரும் சரிவின், வேகம் மாறிவிட்டது. பாதி வழியில் வேகம் மிஞ்சுவதை உணர்ந்து, உடலைத் தாழ்த்தி நிறுத்தப் பார்த்தார். அதில் சமநிலை போயிற்று. ஓடுதடத்தில் பிரேக் கிடையாது, கையில் ஊன்றுகோலும் கிடையாது. அவ்வளவு உருண்டும் லேசான மூளை அதிர்ச்சியோடு தப்பினார்.

இனி மலை. தாவுபவர் வானத்தை நோக்கி எழும்புவதாகத்தான் டிவியில் தோன்றும். உண்மையில் இன்றைய தாவுமேடையின் விளிம்பு ஏறத்தாழ 11 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அவர் விழுகிறார், அடியில் சரிவும் அதே போக்கில் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் பனிக்கும் அவருக்கும் இடைவெளி சில மீட்டர்கள்தான், தரைதொடும்போது அடியும் குறைவு. சரிவு சமதளமாக வளையும் பகுதிவரை பறந்துவிட்டால்தான் ஆபத்து: அங்கே முழு எடையும் முழங்காலில் இறங்கும். ஆகவே தேவைப்படுவது மலை அல்ல. செங்குத்தான ஒரு சரிவும் அதன் காலடியில் நீண்ட சமதளமும். மிசிசிப்பி ஆற்றங்கரை மேடுகளில் இரண்டும் உண்டு. மேலே ஓடிவரும் உயரம் போதாதென்றால் மரச்சாரம் கட்டிக்கொள்ளலாம். கட்டினார்கள்; பல சாரங்களைக் காற்று சாய்த்தது, மறுபடி கட்டினார்கள்.

ராக்கியில் மலை இருந்தது. ஆனால் நார்வேக்காரர்கள் திரளாகக் குடியேறியது மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் அடங்கிய மேல் மத்திய மேற்கில், நிலத்துக்கும் சுரங்க வேலைக்கும். விளையாட்டு அவர்களோடு போயிற்று. மின்னசோட்டாவின் ரெட் விங்கில் 1886-ல் அரோரா கிளப் தொடங்கியது. அடுத்த ஆண்டு மிக்கெல் ஹெம்மெஸ்ட்வெட் அங்கே 37 அடி (சுமார் 11 மீட்டர்) தாவினார். இன்று பெரிய மேடைகளில் 120 மீட்டருக்கு மேல் போகிறார்கள். மிச்சிகனின் இரும்புச் சுரங்க ஊரான இஷ்பெமிங்கில் 1905 பிப்ரவரி 21 அன்று கார்ல் டெல்லெஃப்சன் தலைமையில் தேசிய ஸ்கீ சங்கம் பிறந்தது. ராக்கியின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் 1914-ல் குளிர்கால விழாவைத் தொடங்கிவைத்த கார்ல் ஹவெல்சன்கூட சிகாகோ வழியாக வந்த நார்வேக்காரர்தான். நடுவில் சர்க்கஸிலும் தாவிக்காட்டியவர்!

சாரம் கட்டப் பழகியவர்களுக்கு ஊர் ஒரு பொருட்டல்ல. 1938-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம் மைதானத்துக்குள்ளேயே சாரம் எழுப்பி, ஐஸ் கட்டிகளை நொறுக்கிக் கொட்டித் தாவினார்கள்.

தூரம் மட்டும் வெற்றி தராது என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் நடந்த 1924 ஷாமொனி குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ஆண்டர்ஸ் ஹாகன் 50 மீட்டர் தாவினார். அன்றைய போட்டியில் அதுதான் நீளம். பாணிக்கான மதிப்பெண் குறைந்ததால் 17.916 புள்ளியோடு நான்காமிடம். மூன்றாமவரான தோர்லைஃப் ஹாகுக்குக் கொடுத்த 18.000 கூட்டல் பிழை என்று பின்னாளில் தெரியவந்தது. வெண்கலம் 1974-ல் ஹாகன் கைக்கு வந்தது, ஐம்பது வருடம் கழித்து. ஸ்கீ ஜம்பிங்கில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

மங்கியதற்கு விபத்துகளைக் காரணம் சொல்வது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1934-ல் வெர்மான்டின் வுட்ஸ்டாக்கில் கயிற்று இழுவை வந்தது; ஓடும் கயிற்றைப் பிடித்தால் அதுவே சரிவின் மேலே இழுத்துச் செல்லும். மூச்சுவாங்க ஏறாமல், பயமும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் நாளெல்லாம் சறுக்கலாம். கூட்டம் அந்தப் பக்கம் போயிற்று. அதைவிடப் பெரிய அடி, 1980-க்குப் பிறகு கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ இதைப் போட்டியிலிருந்து நீக்கியது. யாரும் நேரே 90 மீட்டர் மேடையில் (அளவு உயரத்தையல்ல, தாவும் தூரத்தைக் குறிக்கும்) ஏற முடியாது. பத்து, இருபது, நாற்பது மீட்டர் என்று சின்ன மேடைகளில் வருடக்கணக்கில் தாவித்தான் உடல் பழகும். கல்லூரி வழி அடைபட்டதும் பள்ளிகளுக்கு அந்தச் சின்ன மேடைகளைப் பராமரிக்கக் காரணமில்லாமல் போயிற்று. உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே இன்னும் ஸ்கீ ஜம்பிங் போட்டி நடத்தும் ஒரே மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர்.