பிரிட்டிஷ் குழுவான ஆர்க்டிக் மங்கீஸின் 'தி கார்' ஆல்பத்தில் அந்தப் பழைய கிட்டார் சத்தம் எங்கே போனது? இவர்கள் இன்னும் ராக் குழுதானா?

கிட்டார் எங்கேயும் போகவில்லை. அதிலுள்ள 'பாடி பெயின்ட்' பாட்டைக் கடைசி வரை ஓடவிட்டுக் கேளுங்கள், உள்ளேதான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. 'டூ ஐ வான்னா நோ' பாட்டின் கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) வழியாக இந்தக் குழுவுக்குள் வந்தவர்கள், 2022 அக்டோபரில் வெளியான 'தி கார்' ஆல்பத்தைப் போட்டதும் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார்கள். முதல் பாட்டு பியானோவில் தொடங்குகிறது, அடியில் வயலின்கள் மெதுவாக ஏறுகின்றன, குரல் வருவதற்கே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகிறது. வேறு யாருடைய ஆல்பத்தையோ போட்டுவிட்டோமோ என்று நானும் போனை எடுத்துப் பார்த்தேன்.

நான் கிட்டார் பழகியதே இவர்களுடைய முதல் ஆல்பத்தை வைத்துத்தான். 2006 ஜனவரியில் வந்தது அது. பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3 லட்சத்து 60 ஆயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஷெஃபீல்ட் நகரத்து ஹை கிரீன் பகுதிப் பையன்கள், இருபது வயதை ஒட்டியவர்கள். அதில் வரும் 'டான்ஸ்ஃப்ளோர்' பாட்டை முழு வேகத்தில் வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிக்கை (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) மேலும் கீழுமாக நிற்காமல் ஓட்டி ஓட்டி இரண்டாவது நிமிடத்தில் மணிக்கட்டு கல்லாகிவிடும். தோளிலிருந்து அடித்தால் வேகம் வராது. கையைத் தளர்த்திவிட்டு, மணிக்கட்டை மட்டும் உதறுவது போல ஆட்ட வேண்டும். அந்தப் பாட்டு அப்படித்தான் உருவாகியிருக்க முடியும், ஒரு கையின் அவசரத்திலிருந்து. வரிகளும் அதே வேகத்தில் வந்து விழும். மூச்சு விடக்கூட இடமிருக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'தி கார்' ஏன் இப்படி ஒலிக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: பாட்டு எந்தக் கருவியில் பிறக்கிறதோ, அதன் குணம் பாட்டில் ஒட்டிக்கொள்ளும். இவர்களுக்கு அந்தக் கருவி மாறியது 2022இல் இல்லை, 2016இல்.

'டூ ஐ வான்னா நோ' இடம்பெற்ற 'ஏஎம்' ஆல்பமும் அதன் நீண்ட சுற்றுப்பயணமும் முடிந்து கொஞ்ச காலம் ஆன பிறகு, குழுவின் பாடகர் அலெக்ஸ் டர்னரின் முப்பதாவது பிறந்தநாளுக்கு அவருடைய மேலாளர் ஒரு ஸ்டெய்ன்வே பியானோவைப் பரிசாகக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலீஸ் வீட்டில் ஓர் அறையில் அதை வைத்து, தனியாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார் டர்னர். பக்கத்தில் ஒரு பழைய எட்டு டிராக் டேப் ரெக்கார்டர். அப்படிப் பிறந்த பாட்டுகள்தான் 2018இல் 'டிரான்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கேசினோ' என்ற பெயரில் வந்தன, அப்போலோ 11 நிலவில் இறங்கிய இடத்தின் பெயரில் ஒரு ஹோட்டல். வெளியாகும் முன் ஒரு பாட்டைக்கூட அவர்கள் தனியாக விடவில்லை. முழுதாகக் கேட்டால்தான் விளங்கும் ஆல்பம் அது. வீட்டில் தனியாக டேப்பில் பாடிய குரல் பதிவுகளில் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அந்த ஆல்பத்தில் அவர் யாருமில்லாத அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருக்கிறது.

இந்த வித்தியாசம் எனக்கு விரலில் பட்டது ஒரு கீபோர்டு கைக்குக் கிடைத்தபோது. 'தி கார்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'மிரர்பால்' பாட்டைக் கிட்டாரில் எடுக்க இரண்டு மூன்று நாள் முயன்றேன். எல்லா கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வந்தது, ஆனால் பாட்டு வரவில்லை. கீபோர்டில் வைத்ததும் சட்டென்று பிடிபட்டது. வலது கையில் மூன்று விரலை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு விரலை மட்டும் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்தினால் போதும், மனநிலையே மாறிவிடுகிறது. சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியாத இடத்தில் போய் நிற்கிறது. இடது கை அதற்குக் கீழே தன்பாட்டுக்கு நடந்து போகிறது. கிட்டாரில் கை மொத்தமாக ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குத் தாவ வேண்டும். இங்கே நகர்வுதான், தாவல் இல்லை. 'தி கார்' முழுக்க இந்த நகர்வுதான்.

அப்புறம் வயலின்கள். அவை திடீரென்று வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. 2008இலேயே டர்னர் தன் நண்பர் மைல்ஸ் கேனுடன் சேர்ந்து 'தி லாஸ்ட் ஷேடோ பப்பெட்ஸ்' என்ற பெயரில் ஒரு முழு ஆல்பம் செய்தார். ஓவன் பாலெட் அதற்கு ஆர்கெஸ்ட்ரா அமைத்துக் கொடுத்தார். அப்போது டர்னருக்கு 22 வயது. அந்த ஆல்பத்தைத் தயாரித்த ஜேம்ஸ் ஃபோர்ட்தான் 'தி கார்' ஆல்பத்தையும் தயாரித்தார். நடுவில் 'குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ்' குழுவின் ஜாஷ் ஹோமியுடன் கலிஃபோர்னியப் பாலைவனத்துக்குப் போய், 2009இல் வெளிவந்த 'ஹம்பக்' ஆல்பத்தைச் செய்தார்கள், குரல் தாழ்ந்து நிதானமானது அங்கேதான். ஆக, வேகமும் ரிஃப்பும் ஒரு பக்கம், நிதானமும் வயலினும் இன்னொரு பக்கம் என்று இரண்டு ஓடைகள் பல வருடங்களாகத் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. 'தி கார்' ஆல்பத்தில் இரண்டாவது ஓடை முதல் ஓடையை உள்ளே இழுத்துக்கொண்டது. 'ஏஎம்' மட்டும் கேட்டவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் அந்த ஆல்பம் முதல் ஓடையின் உச்சம்.

'தி கார்' ஆல்பத்துக்காக 2021 கோடையில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பட்லி பிரையரி என்ற பழைய மடாலயக் கட்டடத்தில் போய்த் தங்கி ஒன்றாக வாசித்திருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முந்தைய ஆல்பம் ஒரு மனிதரின் அறைக்குள் பிறந்தது என்றால், இது நான்கு பேரும் சேர்ந்து பிறக்க வைத்தது. காதில் நன்றாகத் தெரிகிறது. 'ஐ எய்ன்ட் கொயட் வேர் ஐ திங்க் ஐ ஆம்' பாட்டில் வா-வா கிட்டார் குழறிக் குழறிப் பேசுகிறது, பேஸ் கிட்டார் அதற்குப் பதில் சொல்கிறது. பத்துப் பாட்டு, 37 நிமிடம், எங்கேயும் யாரும் யாரையும் இடித்துக்கொள்வதில்லை.

உங்கள் கேள்வியை அவர்களும் தங்களுக்குள் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த ஆல்பத்தில் ரொம்பப் பிடித்த விஷயம். 'ஸ்கல்ப்சர்ஸ் ஆஃப் எனிதிங் கோஸ்' பாட்டில், ரசிகர்கள் தங்களோடு பொருத்திப் பார்த்துக்கொண்ட அந்தக் குமிழியைத் தன் சகிக்க முடியாத புதுச் சத்தத்தால் ஒருவர் குத்தி உடைப்பதாக ஒரு வரி வருகிறது. ரசிகர்கள் சொல்லப்போவதைத் தானே முன்கூட்டிப் பாடிவிட்டார் டர்னர். 'பிக் ஐடியாஸ்' பாட்டில் வருபவர் தன்னிடம் பெரிய யோசனைகள் இருந்தன, குழுவே துள்ளிக் குதித்தது, இப்போது அவை எதுவும் நினைவில்லை என்று பாடுகிறார். அதைப் பாடும்போது சுற்றி முழு ஆர்கெஸ்ட்ரா. ஆர்கெஸ்ட்ரா நம்மைச் சூழ்ந்துவிட்டது என்று அந்தப் பாட்டிலேயே ஒரு வரி உண்டு. புகழ் வந்த பிறகு என்ன செய்வது என்று உண்மையாகவே யோசித்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். முதல் தடவை அது புரிந்தபோது நான் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

வரிகள் என்று வரும்போது, ஆள் மாறவே இல்லை என்றுதான் சொல்வேன். முதல் ஆல்பத்தில் கிளப் வாசலில் நிற்கும் காவலாளி, இரவு டாக்சிக்குள் நடக்கும் தகராறு. நிலவு ஹோட்டல் ஆல்பத்தில், நிலவில் திறந்த உணவகத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். 'மிரர்பால்' பாட்டில் பிரியப்போகும் இருவர், கார் வரைக்கும் கூட வருகிறாயா என்ற ஒரு சின்ன வேண்டுகோள். பெரிய உணர்ச்சியை ஒரு சின்னப் பொருளில் கட்டி வைக்கும் கண் அதே கண்தான். முன்பு வேகமாகச் சொன்னதால் சிரிப்பாக இருந்தது, இப்போது மெதுவாகச் சொல்வதால் வலிக்கிறது.

எல்லாமே எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 'ஹலோ யூ' இன்றுவரை ஒட்டவில்லை, அதில் வயலின்கள் குரலுக்கு வழிவிடாமல் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றுகிறது. இன்னொரு குறையும் உண்டு. மேட் ஹெல்டர்ஸ் போன்ற ஒரு டிரம்மர் குழுவில் இருக்கும்போது, ஆல்பத்தின் பெரும்பகுதியில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பாட்டுக்கு அது தேவை என்பது புரிகிறது, ஆனாலும் மனம் அந்தக் கைகளைத் தேடுகிறது. (அட்டையில் உள்ள புகைப்படம், மொட்டை மாடியில் தனியாக நிற்கும் அந்த வெள்ளைக் கார், அவர் எடுத்ததுதான்.)

முதல் ஆறு ஆல்பங்களும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன. ஏழாவதான இது இரண்டாம் இடத்தில் நின்றது, அதே நாளில் டெய்லர் ஸ்விஃப்டின் ஆல்பம் வந்திருந்தது. அதை வைத்து ரசிகர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் அடுத்த வருடமே பெரிய பெரிய ஸ்டேடியங்களில் வாசித்தார்கள்.

ராக் குழுதானா என்று கேட்டீர்கள். ஆமாம், ராக் குழுதான். 2023 ஜூன் 23 அன்று இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் வாசித்ததைத் தேடிப் பாருங்கள். அதற்குச் சில நாள் முன்புதான் தொண்டைப் பிரச்சினையால் டப்ளின் நிகழ்ச்சியை ரத்து செய்திருந்தார்கள். கடல் போலக் கூட்டம் நிற்கிறது. தொடக்கப் பாட்டு, அந்தச் 'சகிக்க முடியாத புதுச் சத்தம்' வரும் 'ஸ்கல்ப்சர்ஸ்'. அது முடிந்ததும் அடுத்தது 2007இன் 'பிரையன்ஸ்டார்ம்', இவர்களுடைய பாட்டுகளிலேயே டிரம்ஸ் வெறி பிடித்து ஓடும் பாட்டு. இரண்டும் ஒட்டும் அந்த இடத்தில் டர்னரைப் பார்க்க வேண்டாம், பின்னால் இருக்கும் ஹெல்டர்ஸின் கைகளைப் பாருங்கள்.