தலைவலி இல்லையென்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி: மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டபின் என் இரத்த அழுத்தம் 126/80 ஆகிவிட்டது. தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. இனி தலை கனக்கும் நாளில் மட்டும் சாப்பிட்டால் போதாதா?

பதில்: போதாது. அந்த 126, மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதால் கிடைத்த எண்ணே தவிர, நோய் விலகிவிட்டதற்கான சான்று அல்ல. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. ஹோவர்ட் லெவந்தால் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் ஏறுவதை மனிதர்களால் உணர முடியாது என்று ஒப்புக்கொண்ட நோயாளிகளில் பலரே, தம்மால் மட்டும் தலைவலியையோ முகச் சூட்டையோ வைத்துக் கண்டுபிடித்துவிட முடியும் என்று நம்பியது தெரியவந்தது. உங்கள் கேள்வியிலும் அந்த நம்பிக்கைதான் தெரிகிறது. படித்தவர்களிடமும் இதைப் பார்க்கிறோம் என்பதால் கூச்சப்பட வேண்டாம்.

குளோனிடின், பீட்டா பிளாக்கர் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகளைச் சட்டென நிறுத்துவது ஆபத்தானது. மாத்திரையால் இருமலோ கால் வீக்கமோ சோர்வோ இருந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. எடையும் உப்பும் குறைந்து அழுத்தம் தொடர்ந்து கட்டுக்குள் இருந்தால், அளவைக் குறைப்பது பற்றி அவரே முடிவெடுப்பார். அதுவரை, தினமும் பல் துலக்கியதும் மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.