பழைய வெள்ளி நாணயத்தில் ஏறிய நிறத்தைச் சுத்தம் செய்யலாமா? படம் எடுத்தால் அந்த நிறம் ஏன் வருவதில்லை?

தேய்க்காதீர்கள், எதிலும் முக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு துணியையும் வெள்ளி பாலிஷையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் நாணயத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் விளிம்பில் நீலம், அதற்கு உள்ளே ஊதா கலந்த சிவப்பு, நடுவில் இளம் பொன்நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையைப் படித்ததுமே எனக்குக் கை பரபரத்தது. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே மிக மெல்லிய ஏடாகப் படிகிறது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த ஏட்டின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் கலப்பதால்தான் நிறம் தெரிகிறது. சோப்புக் குமிழில் தெரிவது போல. அதில் சாயம் என்று எதுவும் கிடையாது. ஏடு தடிக்கத் தடிக்க முதலில் பொன், அப்புறம் செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று ஒழுங்காக மாறும். காற்று முதலில் நுழைவது விளிம்பு வழியாக என்பதால் அங்கே நீலமும் நடுவில் பொன்னும் இருப்பது இயற்கையாக டோனிங் (இப்படித் தானாக நிறம் ஏறுவதைச் சேகரிப்பாளர்கள் சொல்லும் பெயர்) ஏறியதற்கு நல்ல அடையாளம். அவசரமாக மருந்து போட்டோ சூடு காட்டியோ ஏற்றிய நிறத்தில் இந்த வரிசை பல நேரம் குழம்பியிருக்கும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். உடனே திருத்த வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, என் கதை. என் மாமா பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களைச் சேர்த்தவர். எனக்கு ஒரு வாக்கிங் லிபர்ட்டி அரை டாலர் கொடுத்தார். 1916 முதல் 1947 வரை அடித்த வகை, 90 சதவீதம் வெள்ளி. பல வருடம் ஒரு காகித உறையிலேயே கிடந்ததால் சூரியன் உருவம் இருக்கும் முன்பக்கத்தில் தேன் நிறம் ஏறியிருந்தது. எனக்கு அது அழுக்காகப் பட்டது. வெள்ளியைச் சுத்தம் செய்ய டிப் என்று விற்கும் திரவத்தை வாங்கி அதில் முக்கி எடுத்தேன். பத்து விநாடி கூட ஆகியிருக்காது. வெள்ளை வெளேரென்று வந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா அதை விளக்கடியில் இரண்டு முறை சாய்த்துப் பார்த்தார்.

“அந்த உறைக்குள்ள இது முப்பது வருஷம் இருந்துச்சு மாப்ளே” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிப் நிறத்தை மட்டும் எடுப்பதில்லை, வெள்ளியிலும் ஒரு மெல்லிய படலத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. நாணயத்தை அடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கமாக ஓடுவதால் மேற்பரப்பில் நுண்ணிய கோடுகள் உண்டாகின்றன. சாய்த்தால் சக்கரம் போலச் சுழலுமே அந்த ஒளி, அது இந்தக் கோடுகளிலிருந்துதான் வருகிறது. திரும்பத் திரும்ப முக்கினால் கோடுகள் மழுங்கி நாணயம் செத்துப்போகும். எல்லா டோனிங்கையும் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கறுத்துப்போய் அடியில் உலோகத்தையே அரித்தவையும் உண்டு. பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் அதை விட்டுவைக்கவும் கூடாது. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், அது டோனிங்கைத் தொடாது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு என்னென்னவோ சேர்த்திருப்பார்கள்.

இப்போது படம். உண்மையில் இதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் 1885ஆம் வருடத்து மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் அடித்தது, பின்பக்கம் மாலைக்குக் கீழே ‘ஓ’ எழுத்து இருக்கும். இந்த வகை டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணி மூட்டைகளில் கட்டப்பட்டு அரசுக் கருவூலத்தில் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. 1960களின் தொடக்கத்தில்தான் பெருமளவில் வெளியே வந்தன. மூட்டைத் துணியை ஒட்டியிருந்த பக்கத்தில் நிறம் ஏறும். மேலே இன்னொரு நாணயம் மூடியிருந்த இடம் பிறை போல வெள்ளையாக நிற்கும். என்னுடையதில் அந்தப் பிறை இருக்கிறது, அதை ஒட்டிப் பொன், ஊதா, நீலம், கடைசியில் கொஞ்சம் பச்சை. முன்பக்கத்துப் பெண் முகத்தின் கன்னத்தில் துணியின் நெசவு கூடப் பதிந்திருக்கிறது.

முதலில் எடுத்த படங்களில் வெறும் சாம்பல் தட்டு. மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டினேன். வெள்ளைத் தாள் வைத்து வெளிச்சத்தை மென்மையாக்கினேன், அதுதான் தப்பு. இந்த நிறம் கண்ணாடியில் போல நேராகத் திரும்பும் ஒளியில்தான் தெரியும்; எல்லாப் பக்கமும் பரவிய வெளிச்சத்தில் கரைந்துவிடும். அதனால் விளக்குகளை லென்ஸுக்கு எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அப்படி வைக்க வேண்டும். கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் திசைகளில் ஆளுக்கொன்று. அதற்கும் மசியவில்லை என்றால் லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை 45 டிகிரி சாய்த்து, பக்கத்திலிருந்து விளக்கை அதன்மேல் விழவிடுங்கள். ஒளி தகட்டில் பட்டு நேராக நாணயத்தில் இறங்கும், கேமரா தகட்டின் வழியாகவே பார்க்கும். முதல் தடவை நீலம் திரையில் வந்தபோது ராத்திரி ஒரு மணி. எழுப்பிக் காட்ட வீட்டில் யாருமில்லை.

கேமராவின் தானியங்கி வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) அணைத்துவிடுங்கள். பொன்நிறத்தைப் பார்த்தால் விளக்குதான் மஞ்சள் என்று நினைத்து அது அழித்துவிடும். சாம்பல் அட்டையை வைத்து நீங்களே அமையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்தால் அப்புறம் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கறுப்புப் பின்னணியில் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டும், நிறம் வெளுக்கும். கொஞ்சம் குறைத்தே எடுங்கள். கேமரா மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, நாணயம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் சரி நடுவில் தெரிந்தால் போதும்.

அந்தப் படத்தைச் சேகரிப்பாளர்கள் கூடும் ஓர் இடத்தில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர், “நிறத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், ஏமாற்று வேலை” என்றார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் நிறச்செறிவைத் தொடவே இல்லை. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையே காட்டினேன், ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பல நாள் இது மனதை அறுத்தது. பிறகுதான் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பது புரிந்தது. மேசைமேல் வைத்துச் சும்மா பார்க்கும் ஒருவருக்கு அந்த நாணயம் அப்படித் தெரியாது. ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும்தான் எரியும். அன்றிலிருந்து இரண்டு படம் போடுகிறேன். சாதாரண வெளிச்சத்தில் ஒன்று, நேர் ஒளியில் ஒன்று. இரண்டுமே உண்மை. விற்கிறவர்கள் இரண்டாவதை மட்டும் காட்டினால் முதலாவதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. இதை யாரிடம் காட்டினாலும் முதல் வார்த்தை “என்ன விலைக்குப் போகும்?” என்பதுதான். அந்த நெசவுத் தடத்தைக் காட்டி, இது அந்த மூட்டைத் துணிதான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்கிறார்கள். மாமா ஒரு முறை கூடக் கேட்டதில்லை. பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்க்க இப்போது ஆள் கிடைப்பதில்லை.

நான் முக்கிக் கெடுத்த அந்த அரை டாலரை அதே காகித உறையில் திரும்பப் போட்டு வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. வருடம் ஒரு முறை அதே விளக்கு, அதே அமைப்பில் படம் எடுக்கிறேன். போன வருடப் படத்தில் தேதிக்குக் கீழே விளிம்பில் வைக்கோல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.