ஏர் ஆம்புலன்ஸை யார் கண்காணிக்கிறார்கள்? கேள்வி பதில்

அமெரிக்க ஏர் ஆம்புலன்ஸ் விதிகள் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: யாருடைய பொறுப்பு இது?

ஹெலிகாப்டர், விமானி, பராமரிப்பு, வானிலை வரம்பு (எவ்வளவு மோசமான வானிலை வரை பறக்கலாம் என்பது) எல்லாம் மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.விடம். செவிலியரின் தகுதி, மருத்துவக் கருவிகள், மருந்துகள் மாநிலத்திடம். இடையில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது. விமான நிறுவனங்களின் கட்டணத்திலும் வழித்தடத்திலும் சேவையிலும் மாநிலங்கள் தலையிடக் கூடாது என்கிறது அது. பயணிகள் விமானங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம், ஏர் ஆம்புலன்ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. "இந்த ஊருக்கு இத்தனை ஹெலிகாப்டர் போதும்" என்று ஒரு மாநிலம் சொன்னால் வழக்கு வரும்.

கேள்வி: நோயாளி இல்லாதபோது விபத்து நடந்தால் அது நோயாளி பாதுகாப்பில் சேருமா?

கட்டாயம் சேரும். 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை நடந்த 55 ஏர் ஆம்புலன்ஸ் விபத்துகளை, விபத்துகளை விசாரிக்கும் மத்திய வாரியமான என்.டி.எஸ்.பி. ஆராய்ந்து 2006இல் அறிக்கை தந்தது. இறந்தவர்கள் 54 பேர். 35 விபத்துகளில் மருத்துவக் குழு உள்ளே இருந்தது, நோயாளி இல்லை. அழைத்து வரப் போகும்போதும் இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் தளர்ந்த விதிகள்தான் பொருந்தின. வானிலை வரம்பும் தளர்வானது. செவிலியரின் உயிருக்கு மட்டும் வேறு அளவுகோலா? 2014 விதி இதை மாற்றியது. மருத்துவக் குழு ஏறினாலே கடுமையான விதிகள் பொருந்தும். புறப்படும் முன் அபாய மதிப்பீடு, தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி ஆகியவையும் கட்டாயமாயின.

கேள்வி: கட்டணம்?

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'நோ சர்ப்ரைசஸ்' சட்டப்படி, காப்பீடு உள்ளவருக்கு, அவருடைய காப்பீட்டோடு ஒப்பந்தம் இல்லாத (வலையமைப்புக்கு வெளியே உள்ள) ஏர் ஆம்புலன்ஸ், காப்பீடு தராத மிச்சத் தொகைக்கு பில் அனுப்ப முடியாது. சாலை ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் இல்லை.

கேள்வி: ஒரு விமானி மறுத்தால் இன்னொரு நிறுவனத்தைக் கூப்பிடலாம்தானே?

கூப்பிடுங்கள். ஆனால் முன்பு யார், ஏன் மறுத்தார்கள் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். சொல்லாமல் அடுத்தடுத்துக் கேட்பதை 'ஹெலிகாப்டர் ஷாப்பிங்' என்பார்கள். 2004 ஜூலையில் தென் கரோலினாவின் நியூபெரி அருகே மற்றவர்கள் மறுத்த பயணத்தை ஒரு விமானி ஏற்றார். முந்தைய மறுப்புகள் அவருக்குத் தெரியவில்லை. நோயாளி உட்பட நான்கு பேரும் இறந்தார்கள்.

கேள்வி (ஒரு மருத்துவர்): விதி பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளி இறந்துவிடுவாரே?

இறக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மோசமான வானிலையில் கிளம்பினால் அவரோடு இன்னும் மூவர் போவார்கள். அதனால்தான் பல இடங்களில் நோயாளியின் நிலையை விமானியிடம் சொல்வதில்லை. வானத்தைப் பார்த்து மட்டும் அவர் முடிவெடுக்க வேண்டும்.

அதே மருத்துவர்: குழந்தையாக இருந்தால்?

அப்போதுதான் இன்னும் கண்டிப்பாகச் சொல்லக் கூடாது. குழந்தை என்று கேட்டதும் யாருக்கும் மனம் இளகும். அந்த நேரத்தில் சாலை ஆம்புலன்ஸைக் கிளப்புங்கள்.

அதே மருத்துவர்: சாலையில் மூன்று மணி நேரமாகும்.

ஆகட்டும். மறுத்த விமானியை நெருக்காதீர்கள்.

கேள்வி: உயரத்தால் நோயாளிக்கு என்ன ஆபத்து?

கேபின் அழுத்தம் 8,000 அடி அளவுக்குக் குறைந்தால் உடலுக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால் ஏற்றும் முன்பே குழாய் போட்டு வெளியேற்றுவது பற்றி முடிவெடுக்க வேண்டும். மூச்சுக்காகத் தொண்டை வழியே போட்ட குழாயின் கஃப் (குழாயை இறுக்கிப் பிடிக்கும் காற்றுப்பை) அழுத்தத்தைப் பயணம் முழுக்கப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பில் அதிகமாக வந்திருக்கிறது, என்ன செய்ய?

கட்டணம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். தனிப்பட்ட பில்லுக்கு உங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் புகார் கொடுங்கள்.